கிழட்டு ஜோனாவின் பேச்சு

புரட்டாசி மாதம் சிவகாசியில் காமிக்ஸ் அடிக்க மெஷின் கிடைக்காது. அது காலண்டர் சீசன். ஊரில் ஓடுகிற ஆப்செட் மெஷின்களில் எல்லாம் முருகனும் மாதாவும் கட்சித் தலைவர்களும் நாலு கலரில் வந்து விழுந்துகொண்டிருப்பார்கள். மிச்ச மெஷின்களில் வெடிப்பெட்டி லேபிள் ஓடும். இந்த நேரத்தில் குதிரைமேல் போகிற வெள்ளைக்காரனை அச்சடித்துத் தாருங்கள் என்று போய் நின்றால், பிரஸ்காரர்கள் தோளில் தட்டி, "தை மாசம் வாங்க" என்று அனுப்பி வைப்பார்கள்.

அதனால் பிரஸ்காரர் கனகசபாபதி காலையிலேயே போன் செய்தபோது ஜெபசுந்தருக்கு நம்பிக்கை வரவில்லை.

"அண்ணாச்சி, ஒரு காலண்டர் ஆர்டர் நின்னு போச்சு. படத்துல இருக்க தலைவரு கட்சி மாறிட்டாராம். மெஷின் நாளைக்குச் சும்மாத்தான் நிக்கும். உங்க குதிரைக்காரனத் தூக்கிட்டு வாங்க. சாயங்காலத்துக்குள்ள பைல் வந்துரணும். இல்லன்னா லேபிள்காரன் வாசல்லயே உக்காந்துருக்கான்."

அவர் மனைவி எவாஞ்சலின் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அன்றைக்கு அவளுக்கு டூட்டி இல்லை. போனில் பேசியது அவளுக்கும் கேட்டது.

"அந்த ஜோனா புத்தகமா?"

"ஆமா."

"அப்ப அண்ணன்கிட்ட ஒரு வார்த்த பேசிட்டு அடிங்க."

"எப்படிப் பேச? போன் கேட்டுலல்ல கெடக்கும்."

அது உண்மைதான். அவள் அண்ணன் தேவாசீர்வாதம் ஏழாயிரம்பண்ணையில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். வெடிமருந்து புழங்குகிற இடத்துக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. காலையில் கேட்டில் கொடுத்தால் சாயங்காலம் வேனில் ஏறும்போதுதான் திரும்பக் கைக்கு வரும்.

"நேர்ல போங்க. பைக்ல ஒரு மணி நேரம்."

"போயிட்டு வந்து எப்ப நான் திருத்த? ஜோனா பேசுறது அம்புட்டையும் மாத்தணும்லா."

எவாஞ்சலின் பூண்டைக் கீழே வைத்தாள். "மாத்திருவீகளா?"

"மாத்திட்டா மச்சான் நிச்சயத்துக்கு வந்துருவாகல்ல?"

அவள் உரித்த பூண்டைக் கிண்ணத்தில் அள்ளிப் போட்டாள். "வந்துருவாக" என்றாள். பின்னாளில் அவள் தன்னையே நொந்துகொண்டது இந்த ஒரு வார்த்தைக்காகத்தான்.

*

கலங்கரை காமிக்ஸ் என்பது வீட்டின் முன்னறை, இரண்டு கம்ப்யூட்டர், கூரை வரைக்கும் அடுக்கிய புத்தகக் கட்டு, ஆர்த்தி என்கிற ஒரு பெண், அப்புறம் ஜெபசுந்தரின் வாய். இத்தாலியிலிருந்தும் பிரான்சிலிருந்தும் படக்கதைகளின் உரிமையை வாங்கித் தமிழில் போடுவது வேலை. கௌபாய் கதைகளுக்குக் கலங்கரை காமிக்ஸ். பேய்க்கதைகளுக்குக் கலங்கரை திகில், அது கறுப்பு வெள்ளை. சின்னப்பிள்ளைகளுக்குச் சுட்டிக் கலங்கரை. சுட்டியைச் சின்னப்பிள்ளைகள் யாரும் வாங்குவதில்லை. தலை நரைத்தவர்கள் வாங்கி, பிளாஸ்டிக் உறை போட்டு, பிள்ளைகள் கை படாத உயரத்தில் வைத்துவிடுவார்கள். சென்னைப் புத்தகக் காட்சிக்கு வருசத்துக்கு ஒரு கெட்டி அட்டை ஸ்பெஷல். இவ்வளவையும் தாங்குவது மார்ஷல் கோரி என்கிற ஒரே ஒரு கௌபாய். மார்ஷல் கோரியைத் தாங்குவது அவனோடு கூடவே வருகிற கிழட்டு ஜோனா.

வேலை நடக்கிற விதம் இப்படி. ஜெபசுந்தர் அறைக்குள் நடந்துகொண்டே வசனத்தை வாய்விட்டுச் சொல்வார். ஆர்த்தி அதை டைப் செய்து படத்தில் இருக்கிற பேச்சு பலூனுக்குள் அடக்குவாள். "நீளமா இருக்கு அண்ணாச்சி, பலூனு வெடிச்சிரும்" என்பாள். அவர் திரும்பவும் நடப்பார். சுருக்கிச் சொல்வார். யாருக்கு எந்தக் குரல் என்பதை அவர் தெரிந்த மனிதர்களிடமிருந்துதான் எடுப்பார். மார்ஷல் கோரி பேசுவது பழைய போதகர் ஒருவர் பேசுகிற மாதிரி. வில்லன்கள் எல்லாம் ஒரு பேப்பர் ஏஜெண்டின் தங்கமான பேச்சு. ஜோனாவுக்குத் தேவாசீர்வாதம்.

மூலத்தில் ஜோனா ஒரு சாதாரணக் குடிகாரன். தமிழில்தான் அவனுக்கு நாக்கு முளைத்தது. வளவளவென்று பேசுகிற நீதிபதியைப் பார்த்து, "நமுத்த சரவெடிக்கு எதுக்குலே இம்புட்டு நீளம்?" என்பான். கோரியைப் பார்த்து, "ஒனக்குப் புத்தி வர்றதுக்குள்ள குதிரைக்குப் பல்லு விளுந்துரும்" என்பான். எல்லாம் தேவாசீர்வாதம் சாப்பிட உட்கார்ந்த இடத்தில் சொன்னவை. மாட்டுக்குப் பல் விழும் என்றதைக் குதிரை ஆக்கியது மட்டும் ஜெபசுந்தர்.

தேவாசீர்வாதத்துக்கு இது தெரியும். தெரிந்தும் பொருட்படுத்தியதில்லை. வீட்டுக்குள் நுழையும்போதே, "என்ன மாப்ள, குதிரைய எங்கன கட்டியிருக்கீக? கொல்லைப் பக்கமா, ஏன் இம்புட்டு நாத்தம்?" என்பார். ஆர்த்தி சிரித்து முடிப்பதற்குள் ஜெபசுந்தர் அதைத் தாளில் குறித்துவிடுவார்.

ஒன்றை மட்டும் எடுத்திருக்கக் கூடாது.

சில வருசத்துக்கு முன் தேவாசீர்வாதம் அப்போது வேலை பார்த்த கம்பெனியில் ஒரு ஷெட் வெடித்தது. அவரோடு சின்ன வயசிலிருந்து வேலை செய்த பெத்தணன் அதில் போய்விட்டான். தகவல் தெரிந்து ஜெபசுந்தர் போனபோது தேவாசீர்வாதம் டீக்கடை வாசலில் தனியாக உட்கார்ந்திருந்தார். இரண்டு டீ சொல்லிவிட்டு, பெத்தணன் வருவதற்காகக் காத்திருந்த நேரத்தில் சத்தம் கேட்டிருக்கிறது. ஒரு தம்ளர் காலியாக இருந்தது. இன்னொன்று ஆடை படிந்து கிடந்தது.

"அவன் டீ ஆறிப் போச்சு மாப்ள" என்றார். "குடிக்கவா, கொட்டவா?"

அடுத்த வருசம் ஜோனாவின் கூட்டாளி ஒருவன் கதையில் செத்தான். போர்வை மூடிய உடம்பு, தீ, பக்கத்தில் இரண்டு காப்பிக் குவளை. பலூன் பெரிதாக இருந்தது. மூலத்தில் ஏதோ நீளமான வசனம். ஜெபசுந்தர் நடந்தார். நின்றார். "ஆறிப் போச்சேலே. குடிக்கவா, கொட்டவா?" என்று சொன்னார். ஆர்த்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு டைப் செய்தாள். வாசகர்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டு அழுதார்கள். அந்த வருசம் அவர் போட்ட புத்தகங்களிலேயே பேர் வாங்கியது அதுதான்.

அதோடு போயிருந்தால் ஒன்றும் இல்லை. இந்த ஆடியில் யாரோ ஒரு வாசகன் அந்தப் படத்தை வெட்டி வாட்ஸ்அப் ஸ்டிக்கர் ஆக்கிவிட்டான். கிரிக்கெட்டில் தோற்றால் ஆறிப்போச்சேலே. பஸ்ஸை விட்டால் ஆறிப்போச்சேலே. ஊர் ஊராகச் சுற்றி அது ஏழாயிரம்பண்ணைக் கம்பெனி குரூப்புக்கும் வந்தது. சாயங்காலம் வேனில் எல்லோரும் போனைத் திறந்தபோது, போனஸ் தள்ளிப்போனதற்கு ஒருத்தன் அதைப் போட்டிருந்தான். யாரோ அதைச் சத்தமாக வாசிக்க, வேனே சிரித்தது. பெத்தணனின் மனைவி குருவம்மாளும் அதே வேனில் இருந்தாள்.

அன்றிலிருந்து தேவாசீர்வாதம் சிவகாசிக்கு வரவில்லை. போன் போட்டால் அவர் மனைவி பொன்னுத்தங்கம்தான் எடுப்பாள்.

ஐப்பசி முதல் வாரம் ஜெபசுந்தரின் மகள் பெர்சிஸுக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீடு காரியாபட்டி. எவாஞ்சலின் வீட்டு வழக்கப்படி நிச்சயத்தில் பெண்ணின் தகப்பன் வாய் திறக்கக் கூடாது. தாய்மாமன் எழுந்து, "எங்க பிள்ளையத் தாரோம்" என்று சொன்னால்தான் மோதிரத்தட்டு நகரும். தேவாசீர்வாதம் பேசுகிறார் என்றால் பந்திக்குப் போனவர்கள்கூடத் திரும்பி வந்து நிற்பார்கள். அவருடைய இன்னொரு தங்கச்சி மகள் நிச்சயத்தில், "எங்க பிள்ளைக்குச் சமைக்கத் தெரியாது. உங்க பையனுக்கு ருசி தெரியாதுன்னு கேள்விப்பட்டோம். கர்த்தரு பாத்துத்தான் சேத்து வச்சுருக்காரு" என்றவர். பெர்சிஸ் அப்போது சின்னப்பிள்ளை. "எனக்கும் மாமாதான் பேசணும், என்னைய எம்புட்டு வஞ்சாலும் சரி" என்று அன்றைக்கே சொல்லி வைத்திருந்தாள்.

*

கெட்டி அட்டை ஸ்பெஷலாக மறுபதிப்புக்குத் தயாராக இருந்தது அதே கதைதான். கனகசபாபதி போன் செய்த அன்று ஜெபசுந்தர் மத்தியானம் சாப்பிடாமல் ஜோனாவைத் திருத்தினார்.

"'எதுக்குலே இம்புட்டு நீளம்'. இத எடுத்துரு. 'நீதிபதி அவர்களே, சுருக்கமாகக் கூறுங்கள்'. அப்படிப் போடு."

ஆர்த்தி கையை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். "அண்ணாச்சி, ஜோனாவுக்கு ஞானஸ்நானம் குடுத்துட்டீகளா?"

"டைப் பண்ணுமா."

"ஆளுங்க புத்தகத்தத் திருப்பி அனுப்புவாக."

"அனுப்பட்டும். மச்சான் வருவாகல்ல."

அந்த 'ஆறிப் போச்சேலே' இடம் வந்தது. ஆர்த்தி ஒன்றும் கேட்காமல் அழித்தாள். பலூன் வெள்ளையாக நின்றது. ஜெபசுந்தர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "நண்பா, உன் பிரிவை என் நெஞ்சம் தாங்காது" என்றார். அது பலூனுக்குள் சரியாக அடங்கியது.

*

பைண்டிங் பசை காயாத ஒரு பிரதியோடு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் இரண்டு பேரும் ஏழாயிரம்பண்ணைக்குக் கிளம்பினார்கள். சாத்தூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் கரிசல். விதைத்துவிட்டு மழைக்கு நிற்கிற காடு. மழை வந்தால் காட்டுக்காரனுக்கு நல்லது, வெடி காயப்போட்டவனுக்குக் கேடு. அந்தப் பக்கத்தில் ஒரே வீட்டில் இரண்டு பேர் இரண்டு மாதிரி ஜெபம் பண்ணுவார்கள்.

தேவாசீர்வாதம் வேப்பமரத்தடியில் கட்டில் போட்டு உட்கார்ந்து, விரல் இடுக்கில் தேங்காய் எண்ணெய் தடவி அலுமினியப் பொடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். எத்தனை துடைத்தாலும் நகக்கண் வெள்ளி பூசின மாதிரிதான் இருக்கும்.

"வாங்க" என்றார். குதிரையைக் கேட்கவில்லை.

பொன்னுத்தங்கம் உள்ளேயிருந்து, "வா எவா, சுரைக்கா போட்டுக் கருவாட்டுக் கொளம்பு வச்சுருக்கேன், நல்ல நேரத்துக்கு வந்தீக" என்றாள்.

ஜெபசுந்தர் பையைத் திறந்தார். "மச்சான், வேற ஒண்ணும் பேசுறதுக்கு முந்தி இதப் பாருங்க. உங்க பேச்சு ஒண்ணுகூட இதுல இல்ல. அம்புட்டையும் எடுத்துட்டேன்."

தேவாசீர்வாதம் வேட்டியில் கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். அட்டையைத் தடவிப் பார்த்தார். "நல்லா அடிச்சிருக்கான்" என்றார். சில பக்கங்களைப் புரட்டினார். "அந்த எடம் எங்கன?"

ஜெபசுந்தர் எடுத்துக் கொடுத்தார். தேவாசீர்வாதம் புத்தகத்தைத் தூரமாகப் பிடித்து, உதடு அசைய வாசித்தார்.

"இது யாரு சொல்றது?"

"ஜோனா."

"யாருக்கு?"

"செத்துப்போன கூட்டாளிக்கு."

"கூட்டாளிக்குன்னு எப்படித் தெரியும்? இத எவனும் எவனுக்கும் சொல்லலாமே. எலெக்சன்ல தோத்தவன்கூடச் சொல்லலாம்."

எவாஞ்சலின், "அண்ணே, உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான்" என்றாள்.

தேவாசீர்வாதம் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். "போன வாரம் குருவம்மா கேட்டா" என்றார். "சரம் பின்னிக்கிட்டு இருந்தவ கூப்புட்டு, 'அண்ணே, அந்த டீ சொன்னது எங்க வீட்டு ஆளுக்குத்தான'ன்னா. எனக்கு வாய் வரல. ஆமாத்தான்னேன். 'அப்ப அந்தப் புத்தகம் ஒண்ணு வாங்கித் தாங்க, வீட்டுல கெடக்கட்டும், எனக்கு வாசிக்கத் தெரியாட்டியும் பரவால்ல'ன்னா. ஸ்டிக்கரப் பாத்துச் சிரிச்ச பயலுகளப் பத்தி அவ ஒண்ணுமே சொல்லல. அன்னைக்கோட எனக்குக் கோவம் எறங்கிப் போச்சு மாப்ள. புதுசு வரப் போவுது, மொதப் புத்தகம் ஒனக்குத்தான்னு அவகிட்டச் சொல்லிட்டேன். நானே சிவகாசிக்கு வாரதாத்தான் இருந்தேன்."

ஜெபசுந்தர் பையை இழுத்து மூடினார். "ஆபீஸ்ல பளைய புத்தகம் ஒண்ணு இருக்கும் மச்சான். அதக் கொண்டாந்து குடுத்துருதேன். அடுத்து அடிக்கும்போது இதையும்..."

"அடுத்து எப்ப அடிப்பீக?"

 வந்து குவிந்திருக்கிற இந்தக் கட்டுகள் விற்கவே வருசக்கணக்கில் ஆகும்.

"கேக்காம சாமான் எடுத்துட்டுப் போறவன்கூட, திருப்பி வைக்கிறப்ப எங்கன வைக்கன்னு கேட்டு வப்பான்" என்றார் தேவாசீர்வாதம். சத்தம் உயரவில்லை. "நீங்க எடுக்கும்போதும் கேக்கல. மாத்தும்போதும் கேக்கல. எங்கிட்ட என்னத்தக் கேக்குறதுன்னு நெனச்சிட்டீக. அதான்."

"போனு கேட்டுல கெடந்துச்சு மச்சான். அன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள பைலு..."

"ஆமா, கேட்டுலதான் கெடக்கும்" என்றார் அவர். எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். "சாப்புடுவோம்."

எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பொன்னுத்தங்கம் மட்டும் மழையைப் பற்றியும், ஜவுளிக் கடையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தாள். புறப்படும்போது எவாஞ்சலின் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நிச்சயத்துக்கு வந்துருவீகள்ல?"

"வராம? எம் மருமகளுக்கு வேற யாரு பேசுவா? போய்ட்டு வாளா."

திரும்பி வருகிற வழியில் ஜெபசுந்தர், "வாரேன்னுட்டாகல்ல" என்று இரண்டு தடவை சொன்னார்.

சாத்தூர் வந்ததும் பின்னால் உட்கார்ந்திருந்த எவாஞ்சலின், "கருவாட்டுக் கொளம்புல உப்பு கூட. கவனிச்சீகளா?" என்றாள்.

"ஆமா."

"அண்ணன் மதினிய ஒரு வார்த்த கேலி பண்ணல. சாப்புட்டுட்டுப் பேசாம எந்திரிச்சுட்டாக."

*

நிச்சயம் சபை மண்டபத்தில் நடந்தது. தேவாசீர்வாதம் கம்பெனி வேனிலேயே வந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை. சீர்த்தட்டுகளோடு பொன்னுத்தங்கம், பின்னால் குருவம்மாளும் கூட வேலை பார்க்கிற நாலைந்து பேரும். பெர்சிஸ் ஓடிப் போய்க் கையைப் பிடித்தாள். அவள் தலையில் கை வைத்தார்.

போதகர் ஜெபம் பண்ணி உட்கார்ந்ததும் மண்டபம் அமைதியானது. காரியாபட்டிக்காரர்கள் அவர் பேச்சைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். சமையல் கட்டிலிருந்து இரண்டு பேர் கரண்டியோடு வந்து வாசலில் நின்றார்கள். ஆர்த்தி சிரிப்பதற்குத் தயாராக வாயில் கைக்குட்டையை வைத்திருந்தாள்.

தேவாசீர்வாதம் எழுந்தார்.

"அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் மகள் பெர்சிஸை உங்கள் வீட்டுக்குத் தருவதில் நாங்கள் மிகவும் மகிழ்ச்சி அடைகிறோம். கர்த்தர் இருவரையும் ஆசீர்வதிப்பாராக."

உட்கார்ந்துவிட்டார்.

மோதிரத்தட்டு நகர்ந்தது. மாப்பிள்ளையின் சித்தப்பா பக்கத்தில் இருந்தவரிடம், "அளவா, மரியாதையாப் பேசுனாரு" என்றார். சமையல்காரர்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார்கள். ஆர்த்தி கைக்குட்டையை எடுத்து மடித்தாள். அவள் ஜெபசுந்தரைப் பார்க்கவே இல்லை. பெர்சிஸ் குனிந்து, "அம்மா, மாமாவுக்கு மேலுக்கு முடியலையா?" என்று கேட்டாள். எவாஞ்சலின் அவள் முந்தானையைச் சரிசெய்தாள்.

பந்தியில் தேவாசீர்வாதம் தாய்மாமன் செய்ய வேண்டிய எதையும் விடவில்லை. காரியாபட்டிக்காரர்களின் இலைக்கு இலை நின்று, "இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். ஜெபசுந்தரைப் பார்த்து, "நீங்கள் சாப்பிட்டீர்களா?" என்றார். ஜெபசுந்தர் தலையை ஆட்டினார்.

பந்தி முடிந்து எல்லோரும் கலைகிற நேரத்தில் மண்டபத்துக்குப் பின்னால், வேன் நிற்கிற இடத்திலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. ஜெபசுந்தர் சுவரைச் சுற்றிப் போனார். தேவாசீர்வாதத்தின் குரல். பழைய குரல்.

"...அந்தச் சித்தப்பன் நாக்காலிய இளுத்த இளுப்புக்கு, நான் ஏதோ ஆடப் போறேன்னுல்ல நெனச்சான். ஏளா குருவம்மா, அவன் இலையில வச்ச லட்டப் பாத்தியா, மொத லட்ட வெக்கத்துல தொடல, ரெண்டாவது லட்டுக்கு வெக்கமே அவனப் பாத்து..."

குருவம்மாள் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். டிரைவர் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துவிட்டான்.

ஜெபசுந்தர் நின்றது தெரிந்ததும் தேவாசீர்வாதம் நிறுத்தினார். குருவம்மாளும் சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு வேனில் ஏறினாள்.

"மச்சான்" என்றார் ஜெபசுந்தர்.  "என்னைய ஒரு வார்த்த வஞ்சுட்டுப் போங்க."

"எதற்கு?" என்றார் தேவாசீர்வாதம். முகத்தில் கோபம் இல்லை. "எல்லாம் நன்றாகத்தானே நடந்தது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்."

முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார். வேன் பின்னால் வந்து, திரும்பி, சாலையில் ஏறியது. கொஞ்ச தூரம் போனதும் உள்ளே இருந்தவர்கள் திரும்பவும் ஒரே நேரத்தில் சிரித்தது கேட்டது.

எவாஞ்சலின் ஒரு தூக்குவாளியில் கறிக்குழம்பை நிரப்பிக்கொண்டு வேகமாக வந்தாள்.

"போயிட்டாகளா? மதினிக்குக் குடுத்து விடலாம்னு பாத்தேன்." சாலையைப் பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்தாள். "சிரிப்புச் சத்தம் கேட்டுச்சே. அண்ணன் என்ன சொன்னாக?"

"நம்மகிட்ட ஒண்ணும் சொல்லல" என்றார் ஜெபசுந்தர்.

அவள் தூக்குவாளியைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு மண்டபத்துக்குள் திரும்பிப் போனாள்.